முப்பத்தைந்தரையும் வேலியில் தொங்கிய பேணியும்

என் அன்புக்குரிய சவிரிமுத்து மாஸ்டருக்கு,

நாரந்தனைக் கந்தையா எழுதுகிறேன். நீர் கண்ணை மூடி இந்தக் கிழமையோடு இரண்டு வருடம். போன வருடம் உம்முடைய நினைவு நாளுக்குப் படத்தோடு நாலு வரி பத்திரிகையில் போட்டேன். அச்சகக்காரன் எழுதித் தந்த வரிகள். இந்த முறை நானே எழுதுகிறேன். பாசத்தில் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னால் நீர் நம்பமாட்டீர். பயம், மாஸ்டர்.

நாளை விடிய என் மனைவி பூமணியைக் கூட்டிக்கொண்டு கொழும்பு ரெயில் ஏறவேண்டும். உமக்குத் தெரியாது. அவளுக்கு வாயில் புற்றுநோய். வலது கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. வெற்றிலை பட்டது, பல் கிழித்தது என்று ஆறு மாதம் கடத்தினோம். இப்போது வைத்தியம் பாதி முடிந்திருக்கிறது. மற்றப் பாதிக்கு வரமாட்டேன் என்று போன கிழமை நின்றுவிட்டாள். அவளை அப்படி நிற்க வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்தே சொல்கிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும்.

நம்முடைய பழக்கம் நான் பிழை பிடித்ததில் தொடங்கியது. பள்ளிக்கூட விடுதிக்கு உப்பு மூட்டை இறக்க வந்த இடத்தில், உம்முடைய விஞ்ஞான அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் ஒரு பெரிய அட்டவணை. கட்டத்துக்குக் கட்டம் ஓர் எழுத்து, கீழே ஓர் எண். ஐந்தாம் வகுப்போடு சங்கு வியாபாரத்துக்கு வந்தவனுக்கு அந்த எழுத்து விளங்கவில்லை. எண் விளங்கியது. மேல் வரிசைகளில் பன்னிரண்டு, பதினாலு, பதினாறு, இருபத்துமூன்று என்று ஏறக்குறைய முழு எண்ணாகவே ஓடிக்கொண்டிருக்க, இடையில் ஒன்று மட்டும் முப்பத்தைந்தரை என்று நின்றது.

"மாஸ்டர், உது என்ன?"

"நிறை அண்ணை. ஒவ்வொரு மூலகத்தின்ர அணுவும் எவ்வளவு பாரம் எண்டு போட்டிருக்கு. ஐதரசனை ஒண்டு எண்டு வைச்சால் மற்றது எத்தினை மடங்கு எண்டு."

"அப்ப இந்த முப்பத்தைஞ்சரை?"

"அது குளோரீன். நீங்கள் இப்ப இறக்கின உப்புக்குள்ள இருக்கிற சாமான்."

"இதில கலப்படம் நடந்திருக்கு."

நீர் கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்தீர். "என்ன சொன்னீங்கள்?"

"ஒரே தரச் சங்கை நிறுத்து எண்ணிக்கையால பிரிச்சுப் பாத்தால் ஒழுங்கான எண் வரும். இடையில அரை நிண்டால், எவனோ பெரிசையும் சின்னனையும் கலந்துபோட்டான்."

உம்முடைய முகம் அப்போது எப்படி மாறியது என்று இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. "ஓம் அண்ணை. ரண்டு விதம் கிடக்கு. ஒண்டு முப்பத்தைஞ்சு, மற்றது முப்பத்தேழு. எது எவ்வளவு கலந்தது எண்டு சொல்லுங்கோ பாப்பம்." உப்பு மூட்டையிலேயே பென்சிலால் கீறிப் பார்த்தேன். "மூண்டுக்கு ஒண்டு." நீர் சிரித்த சிரிப்புக்கு அடுத்த அறைப் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். "இதைப் படிச்சு விளங்க எனக்கு ஒரு தவணை பிடிச்சது" என்றீர். அன்றிலிருந்து, மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, உம்முடைய வாயில் எனக்குக் 'கலப்படக்காரர்' என்று பெயர்.

அதன்பிறகு பின்னேரங்களில் துறையடியில் நின்று மிச்சத்தைச் சொன்னீர். அணுவின் நடுவில் ஒரு கரு. அதற்குள் புரோத்தன், நியூத்திரன் என்று இரண்டு வகைத் துணிக்கை, இரண்டும் ஏறக்குறைய ஒரே பாரம். வெளியே, பாரம் என்று சொல்லவே முடியாத இலத்திரன்கள். ஒரு நெல்லிக்காயை ஊர்காவற்றுறைத் துறையில் கரு என்று வைத்தால், இலத்திரன் எதிரே கடலுக்குள் நிற்கிற அந்தக் கோட்டைப் பக்கம் திரியும். இடையில் வெறும் வெளி என்று தண்ணீருக்கு மேலால் கையை நீட்டிக் காட்டினீர். "அப்ப என்ர தராசில நான் நிறுக்கிறது முழுக்க வெறுமையே?" என்று கேட்டேன். "ஓம், வெறுமையைத்தான் இவ்வளவு காலமும் வித்தனீங்கள்" என்றீர்.

புரோத்தன் எண்ணிக்கைதான் பெயரைத் தீர்க்கும் என்றீர். பதினேழு இருந்தால் குளோரீன். ஒன்று கூடினால் அது வேறு சரக்கு, வேறு பெயர். நியூத்திரன் கூடிக் குறையலாம், அதனால் பெயர் மாறாது. ஒரு குளோரீனில் பதினெட்டு, இன்னொன்றில் இருபது. பாரம் மட்டும் வித்தியாசம். இப்படிப்பட்டவற்றைச் சமதானி என்று சொல்வோம் என்றீர்.

அதை நீர் சொன்ன இடத்தையும் சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நீர் எங்கள் வளவுக்கு வந்திருந்த நேரம். எங்கள் வீட்டில் எங்களுக்குக் குடிக்கப் பித்தளை மூக்குப்பேணி. உமக்கு, வேலியில் நட்ட கதியால் தடியில் கவிழ்த்துத் தொங்கவிட்ட ஓர் அலுமினியப் பேணி. நீர் கடற்கரைப் பிள்ளை; சாதி பார்க்கிற எங்கள் பக்கத்து வழக்கம் அது. நீரே எடுத்து நீட்டுவீர், பூமணி எட்டி நின்று தேத்தண்ணி ஊற்றுவாள், குடித்துக் கிணற்றடியில் கழுவி நீரே திரும்பத் தொங்கவிடுவீர். பதினொரு வருடம் அப்படி நடந்தது.

அன்றைக்கு நான் கேட்டேன்: "அந்த ரண்டு குளோரீனையும் உப்பு எப்பிடி மாஸ்டர் வேறுபிரிக்கும்?"

"பிரிக்காது அண்ணை. உப்புக்குத் தெரியாது. நாக்குக்குத் தெரியாது. உங்கட தராசுக்கும் தெரியாது. அதால ரண்டும் ஒரே பேணிக்குள்ள கிடக்குது."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் பேணியைத் தொங்கவிட்டீர். நான் தலையை ஆட்டினேன். இரண்டு தரச் சங்கையும் பிரிக்கத் தெரிந்தவனுக்கு, நீர் என்ன சொன்னீர் என்று அன்றைக்குப் பிடிபடவில்லை.

இப்போது கோபால்ட் கதைக்கு வருகிறேன். என் கடையில் நீல மருந்துப் போத்தல் ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்து, "இந்த நீலம் கோபால்ட்டால வந்தது" என்றீர். "இது பரம சாது. அம்பத்தொன்பது பாரம். இதுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அறுபது. ஒரே ஒரு நியூத்திரன் கூட. ஆனா அவனுக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு நியூத்திரன் புரோத்தனா மாறும், ஓர் இலத்திரனை வெளியில எறியும், ஆளும் நிக்கலா மாறிப்போவான். மாறேக்கை கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் விடுவான். சுவரையும் ஊடறுக்கும்."

எனக்கு அன்றைக்கே உடம்பு கூசியது. சங்கைத் தட்டினால் உள்ளே புழு அரித்ததா என்று சொல்லிவிடுவேன். புகையிலையை மூக்கில் வைத்தால் எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவேன். என்னை ஆளாக்கியது என் விரலும் மூக்கும்தான். பார்வைக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று, எடைக்கும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஒன்று சாது, மற்றது ஆளை ஊடறுக்கும் என்றால், அப்படிப்பட்ட சரக்குக்கு முன்னால் என்னைப் போன்றவன் எதைக் கொண்டு நிற்பது?

கொழும்பில் பெரிய டொக்டர் புண்ணுக்குக் "கோபால்ட் வைக்கவேண்டும்" என்றபோது கதிரையைப் பிடித்துக்கொண்டேன். பூமணிக்கு அந்தச் சொல் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு உம்முடைய நீலப் போத்தல் கண் முன்னால் வந்தது. தெரியாதவள் தைரியமாக இருந்தாள், பாதி தெரிந்தவன் நடுங்கினேன்.

அந்த அறையைச் சொல்கிறேன். தடித்த கதவு. உள்ளே ஈயக் கூட்டுக்குள் அந்தத் தம்பிக்காரன் இருக்கிறான். அவளை மேசையில் கிடத்தி, கன்னத்தில் மையால் கட்டம் கீறி, அசையவேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுகிறார்கள். ஒருவர் மிச்சமில்லாமல். கதவு மூடுகிறது. உள்ளே அவள் மட்டும். நல்ல சாமான் என்றால் ஏன் மாஸ்டர் எல்லாரும் வெளியே வருகிறார்கள்? ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று நான் உம்மைத்தான் கேட்டேன்.

இயந்திரத்தைப் பார்க்கிற பொடியன் மலைநாட்டுப் பக்கத்து ஆள். அவனிடம் ஒருநாள் மெல்லக் கேட்டேன். "தம்பி, உள்ளுக்கு இருக்கிற கோபால்ட் எத்தினை வரியப் பழசு?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லீங்க ஐயா. ஏன் கேக்குறீங்க?"

"பழஞ் சரக்கெண்டால் வேகம் குறையுமே?"

"குறையும். அஞ்சு வருசத்துக்குக் கொஞ்சம் மேலே போனா பாதியாயிரும். அதுக்குத் தக்க நிமிசத்தைக் கூட்டிடுவோம். நீங்க என்னங்க வேலை?"

"சங்கு வாங்கி விக்கிறனான்."

அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. கதவு மூடியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பாதி வைத்தியம் முடிந்ததும் வாய் வெந்துபோயிற்று. உடம்பு தேற மூன்று கிழமை வீட்டில் வைத்திருந்து கொண்டுவரச் சொன்னார்கள். நான் செய்த பிழை இங்கேதான் தொடங்குகிறது.

பூமணியின் தமக்கை செல்லமக்கா எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வந்திருந்தா. நாங்கள் வந்து இறங்கும்போதே வாசல் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மை வந்த வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி. வீட்டோடு சாய்த்து இறக்கிய பக்கத்துப் பத்தியில் தனிப் பாய், தனிக் கோப்பை, கால் கழுவ மஞ்சள் தண்ணி. "அணு எண்டால் சும்மாவே தம்பி? குண்டு போட்ட ஊரில பிறக்கிற பிள்ளையளைக்கூட அது விடேல்லையாம். உடம்புக்குள்ள ஏத்தி அனுப்பியிருக்கினம். அது எல்லாரிலையும் ஒட்டும்" என்றா.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? உம்மிடம் பதினொரு வருடம் படித்தவன். ஈயக் கூடு எங்கே, பூமணி எங்கே என்று எனக்குத் தெரியும். இருந்தும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளைச் சித்தப்பன் வீட்டுக்கு அனுப்பினேன். கடையில் சரக்கு அடுக்கவேண்டும் என்று சாட்டுச் சொல்லி நானும் அங்கேயே படுத்தேன். கதை ஊருக்கும் காற்றுவாக்கில் போயிற்று. கயிறு வாங்க வந்த ஒரு மனுசி முகத்துக்கு நேரே கேட்டா: "அண்ணை, இது அக்கா தொட்ட கயிறே?" நான் "இல்லை" என்றேன். பூமணியைக் காட்டிக்கொடுத்த மாதிரி அல்லவா அந்த "இல்லை"?

பூமணி முதலில் பகிடியாகத்தான் எடுத்தாள். வெந்த வாயால் மெல்ல மெல்லச் சொன்னாள்: "என்னப்பா, நான் என்ன மாரியம்மனே? வேப்பிலை கட்டி மூலையில குந்தவைச்சிருக்கிறியள். ஒரு பொங்கலும் பொங்கிவிடுங்கோவன்."

இரண்டாம் கிழமை, ஒரு மத்தியானம். செல்லமக்கா கஞ்சியைக் கொண்டுவந்து, பத்தி வாசலில் வைத்துவிட்டுப் பின்னுக்கு வந்தா. நான் முற்றத்தில் நின்றேன். பூமணி எழும்பி வந்தாள். கஞ்சியைப் பார்க்கவில்லை. நேரே வேலிக்குப் போனாள். நீர் போன பிறகும் அந்தப் பேணி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, மாஸ்டர். எடுத்து எறிய ஒருவருக்கும் தோன்றவில்லை, எடுத்து உள்ளே வைக்கவும் தோன்றவில்லை. உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. அவள் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கொண்டுவந்து தமக்கைக்கு முன்னால் நீட்டினாள்.

"இதுக்குள்ள ஊத்துங்கோ அக்கா. கிட்ட வராதேங்கோ. எட்டி நிண்டு ஊத்துங்கோ. நான் மாஸ்டருக்கு ஊத்தினமாதிரி."

செல்லமக்கா ஓரடி பின்னுக்கு வைத்தா. பூமணி என் பக்கம் திரும்பினாள்.

"பதினொரு வரியம் இந்தக் கையாலதான் ஊத்தினனான். அந்தாளின்ர முகம் ஒருநாளும் கோணினதை நான் காணேல்லை. எனக்கு ரண்டு கிழமையே தாங்கேலாமல் கிடக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் திரும்பிக் கொழும்புக்கு வரேல்லை. அங்க வேகிறதுக்கு எனக்குப் பயமில்லை. வெந்து தப்பி வந்து இஞ்ச வேலியில தொங்கிறதெண்டால், எனக்கு வேண்டாம்."

பாதியில் விட்டால் புண் முன்னையைவிட வேகமாகப் பரவும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள். அவள் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை என்று உமக்கும் தெரியும்.

அந்த முற்றத்தில் நான் நின்ற மாதிரி வாழ்க்கையில் ஒரு நாளும் நின்றதில்லை. அப்போதுதான் உம்முடைய குரல் வந்தது. நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கிற வான் வண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, "படம் எடுத்த பிள்ளையளைத் தொடலாமோ மாஸ்டர்?" என்று நான் கேட்டேனே, அன்றைக்கு நீர் சொன்னது. "அண்ணை, வெளிச்சவீட்டு வெளிச்சம் பட்ட வள்ளம் தானும் எரியத் தொடங்குமே? வெளிச்சம் வந்தது, பட்டது, போயிட்டுது. விளக்கு அங்கதான் நிக்குது."

கோபால்ட் கொழும்பில், ஈயக் கூட்டுக்குள் நிற்கிறது. பூமணியில் பட்டது அதன் வெளிச்சம். அவளுக்குள் ஒரு துணிக்கையும் வரவில்லை. தெரியும். இரண்டு கிழமையாகத் தெரியும். தெரிந்த ஒன்றைக் கைக்குக் கொண்டுவர எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது.

கஞ்சியை எடுத்துப் பேணிக்குள் ஊற்றினேன். அவளிடம் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள், வாய் எரிந்திருக்கவேண்டும், கண் கலங்கியது. அவள் வாய் வைத்த இடத்திலேயே வாயை வைத்து நானும் குடித்தேன். பயம் போய்க் குடித்தேன் என்று எழுதினால் பொய். கொஞ்சம் சட்டையில் ஊற்றுப்பட்டது. பயத்தோடுதான் குடித்தேன்.

"ஐயோ தம்பி, விசரே உமக்கு!" என்று செல்லமக்கா தலையில் கை வைத்தா.

பூமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "மிச்சம் வையுங்கோ. பசி எனக்கெல்லே."

அன்று பின்னேரமே வேப்பிலையை அவிழ்த்தேன். பிள்ளைகளைக் கூட்டிவந்தேன். கொழும்புக்கு வர அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "ஊருக்குச் சொல்லுங்கோ. மாஸ்டருக்கும் சொல்லுங்கோ."

"செத்த மனுசனுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"பேப்பரில போடுங்கோ. உயிரோட இருக்கிறவையும் வாசிப்பினம்."

ஆகவே சொல்கிறேன். ஊரவர் கேளுங்கள்: என் மனைவியிடமிருந்து ஒருவருக்கும் ஒன்றும் ஒட்டாது. அவள் தொட்ட கயிறு வெறும் கயிறு. கோபால்ட் அவளுக்குள் இல்லை. இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் உட்காராத, எங்கள் பேணியில் ஒருநாளும் குடிக்காத ஒரு மனிதர். அவரிலும் எங்களுக்கு ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்குத்தான் அது தெரியவில்லை. தெரிய விரும்பவில்லை என்று எழுதினால் இன்னும் சரி.

நீர் ஏன் கேட்கவில்லை, மாஸ்டர்? ஒரே ஒருதரம் உப்பைச் சாட்டிச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டீரே. கோபம் இருந்ததா? வீட்டுக்குப் போய்த் தனிய இருந்து யோசித்தீரா? அல்லது, கலப்படத்தை அரை நிமிடத்தில் பிடித்தவன் இதையும் ஒருநாள் பிடிப்பான் என்று காத்திருந்தீரா? நெஞ்சு வலித்து விழுந்த அன்று, அந்தக் காத்திருப்பும் உம்மோடு போயிற்றா?

நாளை அந்தக் கதவு திரும்ப மூடும். டொக்டரின் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். ஆயிரம் பேரின் முகத்தைப் பார்த்து விலை பேசியவனுக்கு அந்த ஒரு முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. சுகம் வரும் என்று அவர் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. கோபால்ட்டுக்காவது இத்தனை வருடத்தில் பாதி என்று ஓர் அளவு இருக்கிறது. என் பயத்துக்கு அப்படி ஏதாவது இருக்குமா? இருந்தால் நீர்தான் சொல்லியிருப்பீர்.

பயணப் பையைப் பூமணி கட்டிவிட்டாள். மேலே, சேலைக்குள் சுற்றி, அந்தப் பேணி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேறு ஒன்றிலும் குடிக்கமாட்டாளாம்.

உமக்கு ஒரு சத்தியம் தருகிறேன். வருகிற கல்லறைத் திருநாளுக்கு உம்முடைய சேமக்காலைக்கு வருவோம். அவள் நடந்து வந்தால், அந்தப் பேணியில் தேத்தண்ணி அவளே கொண்டுவருவாள். முதல் அவள் ஒரு மிடறு, பிறகு நான் ஒரு மிடறு, மிச்சம் உம்முடைய தலைமாட்டில். நான் தனியே வரும்படி ஆனாலும் வருவேன். கையில் அதே பேணி இருக்கும். வேலிக்கு அது இனித் திரும்பாது.

நீர் என்னை எப்போதும் அண்ணை என்றே கூப்பிட்டீர். நான் உம்மைக் கடைசிவரை மாஸ்டர் என்றேன், உறவுமுறை சொல்லவில்லை. அதை மரியாதை என்று நினைத்தீரோ?

போய்வருகிறோம், தம்பி.

உம்முடைய அண்ணை,
கந்தையா